தையல் வெளிப்பக்கம்

ஜூன் 9, திங்கள்

காலை 6.40 திருச்சி வண்டி, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டை 6.43க்கு விட்டது. மூன்று நிமிடம் தாமதம். ஒரு பயணி பையைக் காணோம் என்று தேடினார். பை அவர் தோளில் இருந்தது.

இதே பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. இன்னும் வண்டி கிளம்பினால் கை தானாக மணிக்கட்டைத் திருப்புகிறது.

வளர்மதிக்கு இன்று முதல் கரண்ட். கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவளுக்குக் குரல்வளையில் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் ஆபரேஷன் வேண்டாம், முப்பத்து மூன்று தடவை கரண்ட் வைத்தால் போதும் என்றார் டாக்டர். வாரத்துக்கு ஐந்து நாள். "நல்ல சான்ஸ் இருக்கு" என்றார். எத்தனை சதவீதம் என்று கேட்டேன். "நம்பிக்கையா இருங்கய்யா" என்றார். அது ஓர் எண் அல்ல.

முகத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்து வெள்ளை வலையில் ஒரு முகமூடி செய்திருக்கிறார்கள். அதை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள். அசையக் கூடாது. உள்ளே பதினோரு நிமிடம் இருந்தாள். வெளியே வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணுமே தெரியலங்க" என்றாள் கரகரத்த குரலில்.

கன்னத்தில் வலையின் கட்டங்கள் பதிந்திருந்தன. திரும்பும் வண்டி கீரனூர் தாண்டிய பிறகுதான் மறைந்தன. 1/33.

ஜூன் 10, செவ்வாய்

வண்டி சரியான நேரம். இட்லி. 2/33.

ஜூன் 13, வெள்ளி

திரும்பும்போது தூங்கிவிடுகிறாள். களைப்பு வரும் என்று சொல்லியிருந்தார்கள். தலை சாய்ந்து ஜன்னல் கம்பியில் இரண்டு முறை மோதியது. என் தோளில் சாய்ந்துகொள்ளச் சொன்னேன். சாய்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கு அந்தக் கம்பியே தேவல" என்றாள். என் தோளில் சதை குறைவு. 5/33.

ஜூன் 14, சனி

மகள் கயல்விழி பெங்களூரிலிருந்து வந்தாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தலையணை ஒன்று கொண்டுவந்தாள். குதிரை லாடம் போல வளைந்தது. சாம்பல் நிறத்தில் பூனை மாதிரி முடி.

"ஃபிளைட்ல போறவங்க மாட்டிருப்பாங்கள்ல, அதாம்ப்பா."

"நாங்க கீரனூர் வழியாப் போறோம்" என்றேன்.

சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டாள். "எப்ப இருந்தும்மா குரல் இப்படி ஆச்சு?"

"மே மாசந்தான். ஆன உடனே அப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு."

நான் பால் வாங்கக் கடைக்குப் போனேன். வீட்டில் பால் இருந்தது என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 17, செவ்வாய்

தலையணை வேலை செய்கிறது. திருச்சி எல்லையில் தூங்கியவள் புதுக்கோட்டையில் விழித்தாள். முன்பக்கம் ஒரு பிரஸ் பட்டன் இருந்தது. தொண்டையில் படுகிறது என்று அதை வெட்டி எடுத்துவிட்டாள்.

"அக்காவுக்கு ஏரோப்ளேன் சீட்டா சார்?" என்றார் கண்டக்டர் செல்லையா. நான் வேலையில் இருந்த காலத்திலிருந்தே தெரிந்தவர். முன்பக்க இரண்டு பேர் சீட்டை எங்களுக்குத் துண்டு போட்டு வைக்கிறார். அது விதிப்படி தவறு. நான் சொல்லவில்லை. 7/33.

ஜூன் 20, வெள்ளி

பேசினால் வலிக்கிறது. டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொன்னார். வளர்மதி குறைக்கவில்லை, நிறுத்திவிட்டாள். கிழித்த காலண்டர் தாள்களைச் சேர்த்துக் கிளிப் போட்டு, பென்சிலோடு பையில் வைத்திருக்கிறாள். இன்றைய முதல் தாள்: "ரசத்தில் உப்பு இல்லை." 10/33.

ஜூன் 24, செவ்வாய்

கழுத்து இரண்டு பக்கமும் சிவந்துவிட்டது. வெயிலில் வெகுநேரம் நின்றவர்களின் கழுத்து போல. கரண்ட் அறை நர்ஸ் லூர்து சிஸ்டர் தலையணையைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது பூரா பாலியஸ்டர் சார். வேர்க்கும், உராயும், தோல் பிஞ்சிடும். காட்டன்ல ஒரு உறை போடுங்க. கழட்டி மாட்டுற மாதிரி. தெனமும் துவைக்கணும்."

"எங்க கிடைக்கும்?"

"தலகாணி கிடைக்கும். உறை மட்டும் எங்க விக்கிறான்? தச்சுக்குங்க."

திரும்பும்போது தலையணைமேல் காசித் துண்டைச் சுற்றிப் பார்த்தேன். விராலிமலைப் பிரிவு வருவதற்கு முன்பே அவிழ்ந்து, பின் சீட்டில் இருந்த அம்மாள் மடியில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அவரே வைத்துக்கொண்டார். 12/33.

ஜூன் 26, வியாழன்

வளர்மதி முப்பது வருடம் தெருவுக்கே ஜாக்கெட் தைத்தவள். மிஷின் சமையலறைக்கு அடுத்த அறையில் இருக்கிறது. "நானே தைக்கிறேன்" என்று எழுதிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள். கழுத்து மடங்கியதும் கண் மூடிக்கொண்டது. பிறகு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

என் சட்டைக்குப் பொத்தான்கூட நான் தைத்ததில்லை. உட்கார்ந்தேன். 14/33.

ஜூன் 28, சனி

தலையணையைச் செய்தித்தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டேன். தையலுக்கு அரை அங்குலம் கூட்டி வெட்டினேன். புது பாப்ளின் துணி. கோடு மிகச் சரியாக இருந்தது. இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று தோன்றியது.

மிஷின் சக்கரத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று ஒரு முறை இருக்கிறது. மறுபக்கம் தள்ளினால் நூல் அறுகிறது. பதினேழு முறை அறுந்தது. பதினெட்டாவது முறை வளர்மதி மரஸ்கேலை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முழங்காலில் ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. டிரைவருக்குக் கண்டக்டர் விசில் கொடுப்பது போலத்தான். எனக்குப் பிடிபட்டது.

மதியம் உறை முடிந்தது. தலையணை உள்ளே போகவில்லை. பாதி நுழைந்து, தொண்டைக்குழியில் எலி மாட்டிய பாம்பு போல நின்றது. கோடு சரிதானே என்று மறுபடி அளந்தேன். சரியாகத்தான் இருந்தது.

வளர்மதி எழுதினாள்: "தாள் தட்டை. தலகாணி உருண்டை."

டேப்பை எடுத்துத் தலையணையின் முதுகுமேல் ஏற்றி இறக்கி அளந்து காட்டினாள். நான் வெட்டியதைவிட இரண்டரை அங்குலம் அதிகம்.

பிறகு தோள் குலுங்கியது. சிரித்தாள் என்று நினைக்கிறேன். சத்தம் வராததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டாவது உறை. பின்பக்கம் இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று நான்கு விரற்கடை ஏறி நிற்கும்படி வைத்தோம். அந்த வாய் வழியாகத் தலையணையைத் திணிக்கலாம், உருவலாம். ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம். வளைவில் தைத்த பிறகு ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் துணி சுருங்கி நிற்கும். மூன்று வெட்டு தையலுக்குள் போய்விட்டது. தலையணை உள்ளே போனது.

ஜூலை 1, செவ்வாய்

உறை தோல்வி. உள்பக்கத் தையல் மேடு சரியாகக் கழுத்துச் சிவப்பில் உட்கார்ந்து அறுத்திருக்கிறது. கீரனூரில் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். புதுத் துணி, கஞ்சி மொடமொடப்பு வேறு.

வீட்டுக்கு வந்ததும் உறையைப் பிடுங்கி, உள்ளே இருப்பதை வெளியே புரட்டி, தலையணைக்கு மாட்டிக் காட்டினாள். பிசிறும் நூலும் தையலும் ஊருக்குத் தெரிந்தன. கழுத்தில் படும் பக்கம் வழவழவென்று இருந்தது.

"அசிங்கமா இருக்கே" என்றேன்.

"உங்களுக்கா போடுறீங்க?" என்று எழுதினாள்.

பிறகு கொடியைக் காட்டினாள். கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஆறு வருடம் துவைத்துத் துவைத்து நைந்த நாலு முழம். "அது நான் கட்டுறது" என்றேன். விரலை எடுக்கவில்லை. 17/33.

ஜூலை 4, வெள்ளி

கழுத்தில் தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. இளநீர்கூட இறங்கவில்லை. கஞ்சியைப் பத்து ஸ்பூன் குடிக்க நாற்பது நிமிடம். இன்று எதையும் எழுதிக் காட்டவில்லை. 20/33.

ஜூலை 8, செவ்வாய்

5.30க்கு எழுப்பினேன். எழவில்லை. காலண்டர் தாளில் ஒரே சொல்: "போகல."

"இன்னும் பன்னெண்டுதான்" என்றேன்.

தாளைத் திருப்பி மறுபடி அதே சொல்லைக் காட்டினாள்.

வாசலில் போய் நின்றேன். 6.40 வண்டி போயிருக்கும். இந்த வீட்டிலிருந்து வண்டியின் சத்தம் கேட்காது. ஆனாலும் 6.40க்கு எனக்குத் தெரிந்தது.

உள்ளே வந்து இந்த டைரியை எடுத்தேன். இதுவரை இதை அவள் படித்ததில்லை, கேட்டதும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து பக்கங்களைத் திருப்பி அவளிடம் காட்டினேன். நான் எழுதியிருந்தவை:

"ஜனவரி 28. வளர்மதிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன்."

"பிப்ரவரி 19. தொண்டை இன்னும் சரியாகவில்லை, டாக்டரிடம் போகலாமா என்றாள். பனி போனால் சரியாகும் என்றேன். கிரிக்கெட்."

"மார்ச் 30. மறுபடி கேட்டாள். வெயில் வந்தால் சரியாகும் என்றேன்."

"மே 20. காது மூக்கு தொண்டை டாக்டர். உடனே திருச்சிக்குப் போகச் சொன்னார்."

மே 20ஆம் தேதிப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இன்று சேர்க்கிறேன். டாக்டர், "இவ்வளவு நாள் ஏன் வரல?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வளர்மதி முந்திக்கொண்டு, "நான்தான் வரமாட்டேன்னுட்டேன் டாக்டர்" என்றாள். நான் சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் இருந்தபோது பன்னிரண்டு நிமிடத் தாமதத்துக்கே ஆட்களிடம் விளக்கம் எழுதி வாங்கியிருக்கிறேன்.

"நூத்திப் பன்னெண்டு நாள்" என்றேன் அவளிடம். "எண்ணிட்டேன். அது என்னால ஆன லேட்டு. இனிமே ஒரு நாள்கூட லேட்டாக்க என்னால முடியாது வளரு. ஏழு இருபத்தஞ்சுக்கு ஒரு வண்டி இருக்கு."

டைரியை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் நான்கு பக்கங்களையும் படித்தாள். மார்ச் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். டைரியை மூடி என் மடியில் வைத்தாள். எழுந்து போய் முகம் கழுவினாள்.

7.25 வண்டியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். தாளும் பென்சிலும் அவள் மடியில்தான் இருந்தன. போகும்போதும் எழுதவில்லை, வரும்போதும் எழுதவில்லை. 22/33.

ஜூலை 9, புதன்

வேட்டியைக் கிழித்தேன். 23/33.

ஜூலை 12, சனி

மூன்றாவது உறை. அளவு: தலையணையின் முதுகுமேல் எடுத்தது. துணி: வேட்டி. தையல்: வெளிப்பக்கம். அந்தப் பிசிறு தெரியாமல் ஓரம் முழுவதும் வேட்டிக் கரையை மடித்துப் பட்டியாக வைத்துத் தைத்தோம். சாம்பல் தலையணை இப்போது பச்சைக்கரை போட்ட வெள்ளைக் குதிரை லாடமாக இருக்கிறது.

காலையிலிருந்து ஸ்கேல் தட்டு மட்டும்தான் பேச்சு. ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. வளைவில் நான் வேகமாகப் போனால் தட்டு ஓங்கி விழுந்தது. செவ்வாய்க்கிழமை பற்றி அவளும் எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. முழங்கால் கன்றிப்போயிருக்கிறது.

முடித்ததும் உறையைக் கையில் வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு தையல் முழுவதையும் சோதித்தாள். ஓர் இடத்தைச் சுட்டினாள். அங்கே மூன்று அங்குலம் கோணல். பிரிக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

துவைத்து மாட்ட இன்னொன்று வேண்டும். நான்காவது உறை. மூன்று மணி நேரத்தில் முடித்தேன். ஸ்கேல் தட்டு நான்குதான்.

ஜூலை 14, திங்கள்

போகும்போது தூங்கினாள். வரும்போதும் தூங்கினாள். லூர்து சிஸ்டர் உறையைப் புரட்டிப் பார்த்தார்.

"யாரு தச்சதுக்கா?"

வளர்மதி என்னைக் காட்டினாள்.

"சாரா? தையல உள்ள வெளிய மாத்தித் தச்சிட்டாரே, பாவம்" என்றார் சிஸ்டர்.

வளர்மதி அவசரமாகப் பென்சிலை எடுத்தாள். "வேணும்னுதான். மேடு கழுத்தில் படாது." ஆறு நாளுக்குப் பிறகு அவள் எழுதிய முதல் வரி அது. தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். 26/33.

ஜூலை 15, செவ்வாய்

கரண்ட் மிஷின் பழுது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். 26/33.

ஜூலை 24, வியாழன்

33/33.

முகமூடியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார்கள். வளர்மதி வேண்டாம் என்று தலையாட்டினாள். கட்டி போய்விட்டதா என்று கேட்டேன். புண் ஆறிய பிறகு, செப்டம்பரில் குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். தேதி கொடுத்தார்கள். செப்டம்பர் 22.

ஜூலை 27, ஞாயிறு

கயல்விழிக்கு நான் போன் செய்தேன். வழக்கமாக அவள்தான் செய்வாள்.

"அம்மாவுக்கு என்னப்பா?"

"அம்மா நல்லாருக்கா. ஒரு தேதி தப்பா இருக்கு, திருத்தணும்."

"என்ன தேதி?"

"குரல் கட்டுனது மே மாசம் இல்ல. ஜனவரி 28. ரெண்டு தடவ டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டா. நான்தான் தள்ளிப் போட்டேன். அம்மா எனக்காக மாத்திச் சொன்னா."

லைன் கட்டாகிவிட்டதா என்று திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"நாலு மாசமாப்பா?" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

வளர்மதி கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கழுத்தில் புதுத் தோல். குழந்தைத் தோல் மாதிரி வெளுப்பாக இருக்கிறது. கயல்விழி தினமும் வீடியோவில் வருகிறாள். அம்மாவைப் பார்க்கிறாள், அம்மா எழுதிக் காட்டுவதைப் படிக்கிறாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் கை மட்டும் தெரியும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குரல் வந்தது. காலை 7.12. சொன்ன வார்த்தை: "அடுப்பு." பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் அடுப்பை அணைக்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி "அடுப்பு!" என்றாள். அதுவும் கேட்டது.

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் வேண்டாம் என்பது டாக்டர் உத்தரவு.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டு உறையையும் துவைத்தேன். நாளைய வண்டிக்கு ஒன்று போதும். அறையைக் கூட்டினேன். மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். சக்கரத்தைத் துடைத்தேன். பிறகு மறுபடி கூட்டினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

6.40 வண்டி. சரியான நேரம்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு டாக்டர் பார்த்தார். திரையில் எனக்கும் காட்டினார். இளஞ்சிவப்பாக ஏதோ திறந்து மூடியது. கட்டி இருந்த இடம் எது என்று கேட்டேன். "இதுதான்" என்றார். "ஒண்ணும் இல்லையே" என்றேன். "ஒண்ணும் இல்லதான்" என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். இனி தாராளமாகப் பேசலாம்.

வராந்தாவுக்கு வந்ததும் கயல்விழி போனில் அழைத்தாள். வளர்மதி பேசினாள், மகள் அங்கே அழுதாள். பிறகு வளர்மதி போனை என் பக்கம் நீட்டினாள். "உங்களத்தான்."

"அப்பா" என்றாள் கயல்விழி. அவள் என்னோடு பேசி எட்டு வாரமாகிறது. "சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"சாப்பிட்டு பஸ் ஏறுங்க."

சாப்பிட்டோம். 12.40 வண்டி. தலையணையை எடுத்து நீட்டினேன். வளர்மதி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், மாட்டவில்லை. கீரனூர் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கீரனூரில் வண்டி கிளம்பியதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஜனவரிலேயே உங்களத் திட்டணும்னு இருந்தேன்" என்றாள். "அதுக்குள்ள குரல் போயிருச்சு."

"திட்டு" என்றேன்.

"நீங்க சொல்லித்தான் திட்டணுமா? இருவத்தெட்டு வருஷம் எவன் எப்ப வர்றான், எப்பப் போறான்னு பாத்தீங்களே, வீட்ல இருக்கறவ என்ன சொல்றான்னு ஒரு நாள் காது குடுத்தீங்களா? செல்லையா தும்முனா மாத்திரை வாங்கிக் குடுப்பீங்க. எனக்கு உப்புத் தண்ணி. பனி போகட்டும், வெயில் வரட்டும். மழையும் வரட்டும்னு இருந்தீங்களா?"

செல்லையா டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்விட்டார்.

"டாக்டர்கிட்ட உங்களுக்காகப் பொய் சொன்னேன். பெத்த புள்ளகிட்ட பொய் சொன்னேன். கட்டியும் எனக்கு, பொய்யும் நானே சொல்லணுமா?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"நீ சொல்லியிருக்கக் கூடாது. நான் சொல்லியிருக்கணும்."

"இப்பத் தெரியுதுல்ல?" என்றாள். நிறுத்தவில்லை. ரசத்துக்குப் போனாள், கஞ்சிக்குப் போனாள், ஜூலை மாதம் நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுததற்குப் போனாள். அது அவளுக்குக் கேட்காது என்று நினைத்திருந்தேன். "தண்ணி வீணாப் போச்சு" என்றாள். மறுபடி மார்ச் மாதத்துக்கு வந்தாள்.



கீரனூரில் 1.32க்குத் தொடங்கியது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் 2.08க்கு முடிந்தது. முப்பத்தாறு நிமிடம். தண்ணீர் குடிக்க இரண்டு முறை நிறுத்தினாள். குரல் பழைய குரல் இல்லை, கொஞ்சம் தடித்திருக்கிறது. ஆனால் ஓர் இடத்திலும் உடையவில்லை.